பின்சந்துக்கு ஆதரவாகவும் எதிராகவும்

1

வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். ஊதுபத்தி, சாம்பிராணி? வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்றேன். பூனை, நாய், பழைய கம்பளம்? எதுவும் இல்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் பின்புறம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

என் மடியில் இனியா உட்கார்ந்திருந்தாள். என் மகள்; நான்கு வயது. அவள் முகத்தில் பொருத்தியிருந்த கவசத்துக்குள் மருந்தின் ஆவி சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுடைய விலா எலும்புகளின் இடைவெளி உள்ளே ஒடுங்கி மீண்டது. அதைப் பார்த்தபடியே, "ஒரு சந்து இருக்கிறது" என்றேன்.

"சந்தில்?"

"லோரிகள்."

"எவ்வளவு காலமாக?"

"ஓராண்டாக."

இன்னும் துல்லியமாகவே சொல்லியிருக்க முடியும். அந்தச் சந்தை லோரிகளுக்குத் திறந்துவிட்ட கூட்டம் அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. திறந்துவிட வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் பேசியவள் நான்.

மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் அந்த மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை. ஊரிலிருக்கும் உங்களிடம் சொல்கிறேன். என்னை மேடையில் கேட்டுப் பழகியவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். இதையும் பொறுமையாகக் கேளுங்கள். கைதட்ட வேண்டிய இடம் எதுவும் இதில் இல்லை.

2

மதுரையில் நான் படித்த கல்லூரியின் பேச்சு மன்றத்தில் எங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் ஒழுங்கு, பக்கத்தை நீ தேர்ந்தெடுக்காதே என்பது. ஓர் எவர்சில்வர் டம்ளரில் இரண்டு சீட்டுகள் கிடக்கும். ஒன்றில் ஆதரவு, மற்றொன்றில் எதிர்ப்பு. எடுத்த சீட்டே உன் கொள்கை. ஒரு பக்கம் பேசப்படாமலே முடிந்துவிடும் அவையை நாங்கள் அவையாகவே மதித்ததில்லை. அன்று ஆள் குறைந்தால், பேசி முடித்தவரே எழுந்து எதிர்ப்பக்கமும் பேசுவார். போட்டிகளிலும் அப்படி ஒரு சுற்று உண்டு: ஐந்து நிமிடம் ஒரு கட்சி, ஒரு நிமிடம் இடைவெளி, அடுத்த ஐந்து நிமிடம் அதற்கு மறுப்பு. நான் வாங்கிய கோப்பைகளில் பாதிக்கு மேல் அந்தச் சுற்றில் வாங்கியவை. பெருமையாகவே சொல்கிறேன். அந்தப் பெருமை இல்லாவிட்டால் இந்தக் கதையும் இல்லை.

திருமணமாகி என் கணவர் செந்திலோடு கோலாலம்பூருக்கு வந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. நான் கணவரைச் சார்ந்திருப்போருக்கான விசாவில் இருப்பவள். இங்கே வேலை பார்க்க எனக்கு உரிமையில்லை. முதல் நான்கு ஆண்டுகள் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் வாழ்ந்தோம். இனியா பிறந்து வீட்டுக்கு வந்தது அங்கேதான். கீழே மல்லிகைச் சரம், எதிரே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, எங்கும் தமிழ்ப் பாட்டு. அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, ஊரைவிட்டே போகவில்லை போலிருக்கிறது என்று எழுதினீர்கள். படத்தில் விழாதவை சில இருந்தன. தலைக்கு மேல் ஓடும் ரயிலின் அதிர்வு அங்கே தூக்கத்துக்குள்ளும் வரும். வெயில் அடங்கிய பிறகும் கான்கிரீட் தன் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்சாதனம் ஓடும் கடைக்குள்ளும் அனல் பறக்கும் நடைபாதையிலுமாக மாறி மாறி நடந்ததில், முதலாண்டு முழுவதும் எனக்குத் தொண்டைக் கட்டு. பேச்சாளருக்குத் தொண்டை கட்டினால் அது நோய் மட்டுமில்லை; அவமானம்.

சென்ற ஆண்டு செந்திலுக்குக் கிள்ளான் துறைமுகத்தில், சரக்குப் பெட்டி லோரிகளை எந்த நேரத்தில் எங்கே அனுப்புவது என்று திட்டமிடும் வேலை கிடைத்தது. துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில், ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் முதல் மாடியில் வீடு பிடித்தோம். சனிக்கிழமைகளில் மட்டும் ரயிலேறி, பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் சில இளைஞர்கள் நடத்திவந்த விவாத வட்டத்துக்குப் போய்வருவேன். அங்கேயும் அதே டம்ளர், அதே சீட்டுகள்.

3

குடிவந்த மூன்றாவது மாதம் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டுமே வாக்கு உண்டு. எங்களைப் போன்ற வாடகைக்காரர்கள் உட்காரலாம். அனுமதி கேட்டால் பேசலாம்.

பொருள் ஒன்றுதான். குடியிருப்புக்குப் பின்னால் ஒரு லோரி நிறுத்துமிடம் இருக்கிறது. அதன் லோரிகள் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போகாமல், எங்கள் நிலத்துக்குள் ஓடும் பின்சந்து வழியாகக் கடந்து செல்ல அந்த லோரி நிறுவனம் அனுமதி கேட்டது. பதிலுக்கு, எட்டு மாதங்களாகப் பழுதாகிக் கிடக்கும் மின்தூக்கியைச் சரிசெய்து, மாதாமாதம் பராமரித்தும் தருவதாகச் சொன்னது.

குடியிருப்பின் செயலாளர் மோகன் அண்ணன் பள்ளி வேன் ஓட்டுபவர். ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "வேணாம்னு நாலு பேர் பேசியாச்சி. வேணும்னு பேச யாரும் இல்லையா? ஒருத்தர் கூடவா இல்ல? அப்புறம் மோகன் ஒரு பக்கமா முடிச்சிட்டான்னு என்னைய திட்டக் கூடாது லா."

யாரும் எழவில்லை. லோரிக்காரரிடம் பணம் வாங்கியவர் என்று பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும். அவையில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கை தூக்கினேன்.

என்னிடம் கருத்து என்று எதுவும் இருக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒரு காட்சி. ஏழாம் மாடியில் குடியிருக்கும் ராஜு அங்கிள், துறைமுகத்தில் பளுதூக்கி இயக்கியவர். சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒருநாள் பிற்பகல் நான் காய்கறிப் பையோடு வந்தபோது, முதல் மாடிப் படியில் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சுக்கட்டு. சட்டை முழுக்க வியர்வை. இன்னும் ஆறு மாடிகள் அவருக்கு மீதமிருந்தன.

அவரைத்தான் பேசினேன். "இந்தக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் ஒரு மனிதர் குற்றம் ஏதும் செய்யாமல் சிறைப்பட்டிருக்கிறார்" என்று தொடங்கினேன். நகரம் மனிதனை உயரத்தில் குடியேற்றினால், அவன் இறங்கி வருவதற்கும் அந்த நகரமே பொறுப்பு என்றேன். அவருடைய குருதி வாரத்துக்கு மூன்று முறை தூய்மையாகிறது. மூன்று முறையும் படிக்கட்டு அதைக் கெடுக்கிறது என்றேன். மருத்துவப்படி அது சரியா என்று எனக்குத் தெரியாது. வாக்கியமாக அது சரியாக இருந்தது. ராஜு அங்கிள் கடைசி வரிசையில் இருந்தார். அவரைப் பற்றிப் பேசலாமா என்று அவரிடம் நான் கேட்டிருக்கவில்லை.

நான் முடித்தபோது இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சந்து திறக்கப்பட்டது. குடியிருப்பின் வாசலில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் சாந்தி அக்கா, பேச்சு முழுவதையும் தன் தொலைபேசியில் பதிவு செய்திருந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்னாமா பேசற நீ! நான் வேணாம்னு கை தூக்கதான் வந்தேன் தங்கச்சி. என் கை தானா அந்தப் பக்கம் போயிருச்சி."

அன்று மாலை அந்தப் பதிவு குடியிருப்பின் எல்லாத் தொலைபேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. நானும் இரண்டு முறை கேட்டேன். எங்கள் சமையலறைச் சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது அந்த இரண்டு முறையும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

4

கடந்து செல்லும் என்றுதான் தீர்மானத்தில் எழுதியிருந்தது. காத்து நிற்கும் என்று யாரும் எழுதவில்லை. நிறுத்துமிடத்தின் கதவு திறக்கும்வரை லோரிகள் சந்தில் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் உள்ளே குளிர்காற்று வேண்டி இயந்திரத்தை அணைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களும் மனிதர்களே. புகைக்குழாயின் வாய் சரியாக எங்கள் சன்னலின் உயரத்தில் இருந்தது.

முதல் மாதம் சன்னலை மூடினோம். இரண்டாம் மாதம் சன்னலின் இடுக்கில் துணி செருகினோம். பிறகு எனக்கு அந்த வாடை தெரியாமல் போயிற்று. அதை வெற்றி என்று நினைத்தேன். இனியாவின் சளியை மழைக்காலத்தின் மேல் போட்டேன்.

தெரியாமல் போவது என் குடும்பத்துக்குப் புதிதில்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு மிக அருகில் எங்கள் தெரு. வெளியூர் உறவினர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அவர்கள் மேல் கோபம் வரும். என் முதல் கோப்பை, எட்டாம் வகுப்பில், 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்ற தலைப்புக்குக் கிடைத்தது. கோப்பையைக் கையில் ஏந்தி, நுரை மிதக்கும் வாய்க்காலைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன். என் தலைப்பும் அந்த வாய்க்காலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. அப்பா அந்தத் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். அவருடைய இருமலைக் கேட்டு, வீட்டில் அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்போம். அதற்கு மேல் அந்த இருமலைப் பற்றி நாங்கள் யோசித்ததில்லை.

இனியாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று தொலைபேசியில் சொன்னபோது அம்மா சாதாரணமாகக் கேட்டாள்: "அதுக்கு ஏண்டி இப்புடி பதறுற? நம்ம தெருவுல யாருக்குத்தான் இருமல் இல்ல? நீயும் இருமிக்கிட்டேதான வளந்த? கப்பு கப்பா வாங்கிட்டு வரலையா?"

இனியா அதை இழுப்பு என்று சொல்லமாட்டாள். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளிடம் கற்ற சொல்லைச் சொல்வாள். மார்பில் கை வைத்து, "அம்மா, செம்புட்" என்பாள். நான் கற்றுத்தந்த தமிழில் அவள் நிலாவையும் யானையையும் சொல்வாள். தன் உடம்பின் துன்பத்தை என்னிடமில்லாத மொழியில் சொல்வாள். "மூச்சுத் திணறுகிறதா, கண்ணே?" என்று நான் கேட்டால் சிரிக்கிறாள். "அம்மா டிவி மாரி பேசுது லா" என்று தன் அப்பாவிடம் புகார் சொல்கிறாள். மூச்சு வாங்கும்போதும் சிரிக்கிறாள். அதனால் இன்னும் மூச்சு வாங்குகிறது.

5

மருத்துவர் கேள்வி கேட்ட மறுநாளே நகராண்மைக் கழகத்துக்குப் போனேன். முதல் முகப்புக் கவுண்டரில், புகை என்றால் சுற்றுச்சூழல் துறைக்குப் போகச் சொன்னார்கள். சுற்றுச்சூழல் துறையில், தொழிற்சாலைப் புகையாக இருந்தால் பார்க்கலாம், சாலையில் ஓடும் வாகனம் என்றால் வேறு துறை என்றார்கள். மூன்றாவது முகப்பில் இருந்த தமிழ்ப் பெண் என் மலாய் படும் பாட்டைப் பார்த்து, தமிழிலேயே பேசினாள்.

"அக்கா, அது பொது ரோடு இல்ல. உங்க பிளாட்டோட சொந்த நெலம். உங்க ஆளுங்களே சைன் போட்டுக் குடுத்திருக்காங்க. பாருங்க, கூட்டத்து மினிட்ஸ் கூட கோப்புல இருக்கு."

தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மலாயில் தட்டச்சு செய்த நான்கு வரிகளில் என் பேச்சின் சுருக்கம் இருந்தது. பெயருக்குப் பதிலாக, 'முதல் மாடி வாடகைதாரர், பெண்' என்று குறித்திருந்தார்கள்.

"நல்லா பேசியிருக்காங்க போல இந்த அம்மா" என்றாள் அந்தப் பெண். "இவங்களையே கூட்டத்துல மாத்திப் பேசச் சொல்லுங்க. வேற வழி இல்ல."

வீடு மாறலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். வீட்டு ஒப்பந்தம் செந்திலின் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. முடிய இன்னும் ஓராண்டு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் லோரி இல்லாத தெருவும் கிடையாது. கோலாலம்பூரில் பங்சார் பக்கம் மரங்கள் நிறைந்த மேட்டுத் தெருக்களை ரயிலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரே பெருநகரத்தில் காற்றுக்கும் வாடகை வேறுபடுகிறது. செந்தில் ஓரிரவு சாப்பிட்ட தட்டைக் கழுவியபடி சொன்னார்: "தினமும் அறுபது லோரிக்கு நான் நேரம் போடறேன். கேட்டுல எவ்வளவு நேரம் நிக்கும்னு போடற எடத்துல ஒரு நம்பர் போடுவேன். அது யாரு வீட்டுக்குப் பின்னாடி நிக்குதுன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல."

அந்தச் சனிக்கிழமை விவாத வட்டத்தில் நண்பர்களிடம் சொன்னேன். "உனக்கா கஷ்டம்? உன் பேச்சை நீயே மறுக்கறதுதானே உன் ஸ்பெஷாலிட்டி!" என்று சிரித்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். ஒரு நிமிட இடைவெளிக்குப் பதிலாக ஓராண்டு இடைவெளி. அவ்வளவே வேறுபாடு என்று.

6

இந்த ஆண்டுக் கூட்டத்தில், சந்தை மூட வேண்டும் என்ற தீர்மானத்தை முதல் மாடி உரிமையாளர் ஒருவர் கொண்டுவந்தார். மோகன் அண்ணன் என்னைப் பேச அழைத்தார். நான் எழுவதற்குள் சாந்தி அக்கா எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிசம் தங்கச்சி. போன வருசம் நீ பேசுனது இன்னும் என் போன்ல இருக்கு. அதக் கேட்டுதான் நான் கை தூக்குனேன். இப்ப எதிரா பேசப் போறேங்கற. எந்த நீ சொல்றத நான் நம்பறது?"

அவையில் சிரிப்பு எழுந்தது. யாரோ பதிவை ஓடவிட்டார்கள். "ஏழாம் மாடியில் ஒரு மனிதர் குற்றம் ஏதும் செய்யாமல்" என்று என் குரல் மண்டபத்தில் ஒலித்தது. நல்ல குரல். எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

போட்டி மேடையில் முதல் பேச்சு முடிந்ததும் காற்றோடு போய்விடும். நடுவர்கள் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தயாராவார்கள். இங்கே என் முதல் பேச்சு ஒரு மின்தூக்கியாகி நாளெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மனிதர் உயிரோடு போய்வந்துகொண்டிருந்தார். அந்தப் பேச்சில் பொய் இருந்திருந்தால் இன்று மறுப்பது எளிது. அது உண்மை.

பேசினேன். முன்பு பேசியபோது எனக்குக் கருத்து இருக்கவில்லை, அவையில் ஒரு பக்கம் காலியாக இருந்தது, அதனால் எழுந்தேன் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். முணுமுணுப்பு எழுந்தது. பிறகு இனியாவைப் பற்றிச் சொன்னேன். கவசத்தைப் பற்றி, ஒடுங்கும் விலாவைப் பற்றி, படுத்தால் இழுக்கிறது என்று அவளை உட்காரவைத்தே தூங்கவைப்பது பற்றி. முதல், இரண்டாம் மாடிகளின் பின்வீடுகளில் இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு மூச்சுக்கான மருந்துக்குழல் இருக்கிறது என்று கேட்டேன். ஐந்து தாய்மார்கள் கை தூக்கினார்கள். அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. குரல் உடையும் இடத்தில் அதை உடையவிட்டேன். எவ்வளவு உடையவிடலாம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அன்று ராஜு அங்கிளின் உடம்பை அவர் அனுமதியின்றி மேடையேற்றினேன். இன்று என் மகளுடையதை. இரண்டும் எனக்குப் பயன்பட்டன என்று எழுதவே கை கூசுகிறது.

நான் உட்கார்ந்ததும் ராஜு அங்கிள் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இந்தப் புள்ள மாதிரி பேச வராது. சந்த மூடுனா லிஃப்ட் நின்னுரும். லிஃப்ட் நின்னா நான் ஏழு மாடி எறங்கி ஏறணும், வாரத்துல மூணு நாளு. டயாலிசிஸ் முடிஞ்சா காலு என் காலு மாதிரியே இருக்காது. அவ்ளோதான். குழந்தைக்குச் செம்புட்டுன்னா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா என் கைய நான் மூட வேணாம்னுதான் தூக்குவேன். அத எல்லாரும் பாக்கட்டும்."

சொன்னபடியே செய்தார். ஊசித் தழும்புகள் நிறைந்த கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார். எண்ணி முடித்து மோகன் அண்ணன் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தார். நான்கு கைகள் வித்தியாசத்தில் சந்து மூடப்பட்டது.

இரண்டு கூட்டங்களிலும் எனக்கு வாக்கு இருக்கவில்லை. இரண்டு கூட்டங்களும் நான் சொன்னபடியே முடிந்தன.

7

சந்தின் முனையில் இரும்புக் கம்பி நட்டுப் பூட்டுப் போட்டார்கள். சன்னலின் இடுக்கிலிருந்து துணியை எடுத்தேன். பிழிந்தால் மை வடியும் என்னும்படி கறுத்திருந்தது. இனியா முழுக்கத் தேறிவிட்டாள் என்று எழுத ஆசை. அப்படியில்லை. முன்புறப் பெரிய சாலை அப்படியே இருக்கிறது. அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்த வாரத்தில் மீண்டும் கவசம் வைத்தோம். ஆனால் படுத்துத் தூங்குகிறாள். ஒருநாள் நடைவழியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினாள். ஓடி முடித்து மார்பில் கை வைக்கவில்லை. வாசலில் நின்று அதைப் பார்த்தபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியை மறைக்க முடியாது. மறைத்தால் இந்தக் குறிப்பும் பொய்யாகும்.

லோரி நிறுவனம் பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. மூன்றாவது வாரம் மின்தூக்கி நின்றது. கதவில் மோகன் அண்ணன் 'ரோசாக்' என்று எழுதி ஒட்டினார். பழுது என்பதற்கு மலாய்ச் சொல். அரசு உதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். மலாயில் பதினொரு பக்கம். மோகன் அண்ணனும் நானும் இரண்டு மாலைகள் உட்கார்ந்து நிரப்பினோம். மருத்துவரின் கடிதம் இணைக்க வேண்டும் என்றார்கள், இணைத்தோம். எல்லா உரிமையாளர்களின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். காப்பாருக்கும் ஜொகூருக்கும் குடிபோய்விட்டவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். எப்போது கிடைக்கும் என்று முகப்பில் யாரும் சொல்லவில்லை.

திங்கள், புதன், வெள்ளி. காலையில் ராஜு அங்கிள் இறங்கும்போது மோகன் அண்ணன் கூட இருப்பார். பிற்பகல் ஏறும் நேரத்தில் அவருக்குப் பள்ளி வேன் ஓட்டவேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கு நான் வருகிறேன் என்று சொன்னேன். என் பொறுப்பு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ராஜு அங்கிள் கைப்பிடியைப் பற்றி ஒரு மாடி ஏறுவார். நான் முன்னால் ஓடி, படிகள் திரும்பும் இடத்தில் நாற்காலியைப் போட வேண்டும். அவர் உட்கார்ந்து மூச்சைச் சேர்த்துக்கொள்வார். எழுந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாடிக்கு ஓடுவேன்.

இரண்டாம் நாள் அவர், "நான் ஒனக்கு எதிராத்தான் கை தூக்குனேன். ஞாபகம் இருக்குல்ல?" என்றார். இருக்கிறது என்றேன். "மறந்துட்டு வர்றியோன்னு பாத்தேன்" என்றார்.

நேற்று வெள்ளி. நான்காம் மாடியில் அவருக்குக் கண் இருட்டிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டார். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குள் வார்த்தைகள் திரண்டன. பல நாட்களாக அவரிடம் சொல்ல வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தவை. அவருடைய உரிமையை நான் மறுக்கவில்லை என்பதும், இந்தக் கட்டடத்தில் ஒருவருடைய மூச்சை இன்னொருவருடைய மூச்சுக்கு எதிரே நிறுத்தியது எது என்பதும், என் பங்கு அதில் என்ன என்பதும், ஒன்றன்பின் ஒன்றாக, சரியான வரிசையில் வந்து நின்றன.

"அங்கிள், உங்களிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்று தொடங்கினேன்.

அவர் கண் திறக்காமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேணாம்மா. நீ பேச ஆரம்பிச்சா நான் சரின்னு தலையாட்டிருவேன். எனக்குத் தலையாட்ட இஷ்டமில்ல. இன்னும் மூணு மாடி இருக்கு. நாற்காலியத் தூக்கு."

தூக்கினேன்.